முகம் சுளிக்கக் கூடாது

மாடிப்படியில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், என் கணவர் வாயில் வைத்த பிஸ்கட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மிச்சப் பாக்கெட்டை நான் வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைப்பேன். ஒருமுறை அதை மறந்துவிட்டுத் துணியைப் போட்டு ஓட்டிவிட்டேன். அவருடைய பேண்ட்டெல்லாம் பிஸ்கட் மாவு. அன்றைக்கும் நாங்கள் மாமியைத் திட்டவில்லை. ஒருவரையொருவர்தான் திட்டிக்கொண்டோம், அதுவும் குசுகுசுவென்று, மேலே கேட்டுவிடுமோ என்று பயந்து.

சொந்தக் காசில் வாங்கிய பிஸ்கட்டுக்கு இப்படி நடுங்கிய குடும்பம் ஸ்ரீரங்கத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாமிக்கு எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீடு. உறவெல்லாம் கிடையாது. அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவர் மாமி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அறுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. ஐயங்கார் வீடு. கணவர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது, ஒரே மகள் பெங்களூரில். நாங்கள் எடமலைப்பட்டி புதூரில் என் மாமனார் வீட்டில் இருந்தவர்கள். எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி ஆபீசில் வேலை கிடைத்ததால் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வாடகைக்கு வந்தோம். நாங்கள் கவிச்சி சாப்பிடுகிறவர்கள் என்று மாமிக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை. நாங்களும் அந்த வீட்டில் மீன் வறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மாமனார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, சோம்பு மென்றுகொண்டே திரும்பி வருவோம்.

ஆனால் மாமி மீனுக்கெல்லாம் பயப்படுகிறவரில்லை. அவருக்குப் பயமெல்லாம் மைதாவைக் கண்டால், வெள்ளைச் சர்க்கரையைக் கண்டால், பாக்கெட்டில் அடைத்து வருகிற எதைக் கண்டாலும். லிஃப்டில் என்னைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கமாட்டார். கைப்பையைத்தான் பார்ப்பார்.

"என்னம்மா அது?"

"பிரெட் மாமி. காலைல அவசரத்துக்கு..."

மாமியின் முகம் வெளுத்துவிடும். திட்டு அப்புறம்தான் வரும், முதலில் வருவது பயம்தான். பாம்பைப் பார்த்த மாதிரி லிஃப்டின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்வார்.

"மைதாம்மா அது! குடல்ல போய் ஒட்டிண்டுடும். கொழந்தை மாதிரி கண்டதையும் வாயில போட்டுக்கறேளே, எனக்கு அடிவயிறு கலங்கறது. தா இப்படி."

பிடுங்கிக்கொண்டே போய்விடுவார். அன்று சாயங்காலமே பிரெட்டுக்குப் பதிலாகக் குதிரைவாலி உப்புமா ஒரு பாத்திரம் கீழே வரும், பீன்ஸும் கேரட்டும் பட்டாணியும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் போட்டு. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக இருக்கும். அதுதான் எங்கள் சங்கடமே. வெங்காயம் பூண்டு இல்லாமல் அப்படிச் சமைக்க முடியும் என்று எனக்கு யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தேங்காயும் சீரகமும் அரைத்து விட்ட வாழைத்தண்டுக் கூட்டு, மிளகு தட்டிப் போட்ட கீரை மசியல், வாழைப்பூப் பருப்புசிலி, மாப்பிள்ளைச் சம்பாச் சோறு. "காயைச் சாப்பிடணும், சாதத்தைத் தொட்டுக்கணும்" என்பார். மற்றவர்கள் செய்வதற்கு நேர் தலைகீழ். தட்டில் காய் பாதி இடத்தை அடைக்காவிட்டால் அந்தத் தட்டை நம் கையில் கொடுக்கமாட்டார்.

முதல் தடவை அவர் சமையலறையில் போய் நின்றபோது ஒரு தப்புச் செய்துவிட்டேன். கூட்டு கொதித்துக்கொண்டிருந்தது. சும்மா பேச்சுக்கு, "உப்பு பாத்தீங்களா மாமி, நான் வேணா பாக்கட்டுமா?" என்று கரண்டியை எடுத்தேன்.

மாமி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"ஐயய்யோ! பெருமாளுக்கு இன்னும் அம்சே பண்ணலையேம்மா!"

அவர்கள் வீட்டில் பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் எதையும் யாரும் வாயில் வைக்கமாட்டார்களாம். அடுப்பில் இருப்பதை நாக்கில் விட்டுப் பார்க்கிற பேச்சே கிடையாது. உப்பைக் கொதி வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒருமுறைகூடச் சமையலை ருசி பார்த்ததில்லை என்றார். உப்பு ஒரு நாளும் தப்பியதில்லை, நான் சாட்சி. சமைத்ததைச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்துப் படத்துக்கு முன் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் ஐந்து நிமிஷம் ஆகும். அப்படி என்னதான் வேண்டிக்கொள்கிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன வேண்டிக்கறது? இதைச் சாப்பிடறவாளுக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னுதான்."

சோறு போடுகிறவர் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா அது? எனக்கு என்னவோ போல் இருந்தது.

நாங்கள் மாமியின் கையில் முழுசாக விழுந்தது சமயபுரத்தில் என் கணவர் மயங்கி விழுந்த பிறகுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மன் கோயில் வரிசையில், வெயிலில். பூக்கூடையோடு அப்படியே சரிந்தார். தண்ணீர் தெளித்து, கடைக்காரர் ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்து, ஐயோ, அந்தச் சோடா வேறு. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை நானூறைத் தாண்டிவிட்டது. இவருக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. டாக்டர் "இப்படியே விட்டா கண்ணு, கிட்னி, ஹார்ட்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான். அன்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதேன். மாமி இறங்கி வந்து கேட்டுவிட்டு, என் பக்கத்தில் உட்காரக்கூட இல்லை. நேரே அடுக்களைக்குள் போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார்.

"அழாதே. நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்லிக்கொண்டே சர்க்கரை டப்பாவைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார்.

பார்த்துக்கொள்ளவும் செய்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி தெளிவு. ஆனால் சாப்பாட்டை மொத்தமாக மாற்றிவிட்டார். காந்தி மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிஞ்சு கத்தரிக்காய் எது, முற்றிய வெண்டைக்காய் எது என்று நுனியை ஒடித்துக் காட்டினார். கீரையை உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் அலசச் சொன்னார். வெள்ளை அரிசி போயிற்று, சிறுதானியம் வந்தது. மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது. டாக்டரே "வீட்ல யாரு சமைக்கறா?" என்று கேட்டார். நான் "மாமி" என்றேன். மாமியாரைச் சொல்கிறேன் என்று நினைத்து, "நல்லா வச்சிருக்காங்க" என்றார்.

காலை ஜூஸும் அப்போது ஆரம்பித்ததுதான். ஒருநாள் பாகற்காய், ஒருநாள் வேப்பிலைக் கொழுந்து, ஒருநாள் வெந்தயம் ஊறவைத்த தண்ணீரில் நெல்லிக்காய். எல்லாம் பச்சையாக அரைத்து, வடிகட்டாமல். இவர் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரம் மாமி டம்ளரோடு வந்து வாசலில் நிற்பார். குடித்து முடிக்கிறவரை போகமாட்டார். இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"முகத்தைச் சுளிக்கப்படாது. சுளிச்சா உடம்பு ஏத்துக்காது. கசப்புதான் ஒங்களைக் காப்பாத்தறது, தெரியறதா? நாக்கு கேக்கறதையெல்லாம் குடுத்தா நாம உருப்பட்டாப்லதான்."

தொடக்கத்தில் ஒருநாள் இவரால் முடியவில்லை. பாகற்காய்ச் சாற்றில் பாதியைக் குடித்துவிட்டு, "மாமி, இன்னைக்கு வேணாம் மாமி, குமட்டுது" என்று டம்ளரை நீட்டினார். மாமி திட்டுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. எங்கள் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "இவரும் போயிடுவார், இவரும் போயிடுவார்" என்று அதையே சொல்லிச் சொல்லி. உயிரோடு எதிரே நிற்கிற என் புருஷனைப் பார்த்து ஒருத்தி இப்படி அழுதால் எப்படி இருக்கும்? இவர் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். "பாருங்க மாமி, குடிச்சிட்டேன், பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் இவர் முகம் மாறியதில்லை. சுவர் மாதிரி நின்று குடிப்பார். மாமி போன பிறகுதான் ஓடிப்போய் வாய் கொப்பளிப்பார்.

தெருமுனை மண்டபத்தில் ஒரு கல்யாணம். பக்கத்துப் பக்கத்து இலையில் நாங்கள் மூன்று பேரும். பரிமாறுகிறவர் இவர் இலையில் ஜாங்கிரியை வைத்துவிட்டுப் போனார். இவர் தொடக்கூட இல்லை, சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாமி எச்சில் இலையென்றும் பாராமல் இடது கையை நீட்டி அதை எடுத்து இலைக்கு வெளியே வைத்தார். அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவர்! பந்தியே திரும்பிப் பார்த்தது. மாமிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஜாங்கிரியைப் பார்த்து அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்ததும் இவரிடம், "நாம வேற வீடு பாத்துட்டுப் போயிரலாங்க" என்றேன். "அந்தம்மா நம்ம மேல உயிரா இருக்கு, விடு" என்றார் இவர். அதுவும் உண்மைதான்.

ஏன் இப்படி என்று மாமி ஒரே ஒருமுறைதான் சொன்னார். வாழைப்பூ நரம்பை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். அவருடைய கணவருக்கும் சர்க்கரைதான். இனிப்பு இல்லாமல் சாப்பிடமாட்டாராம். பாயசம் இல்லாவிட்டால் தட்டைத் தூக்கி எறிவாராம்.

"டாக்டர் வேண்டாம்னார். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பண்ணிப் போட்டேம்மா. தட்டு பறக்குமேன்னு பயந்துண்டு பண்ணிப் போட்டேன். மொதல்ல கால் போச்சு, அப்பறம் அவரே போனார்."

வாழைப்பூவை வாங்கி நானும் கொஞ்சம் ஆய்ந்தேன்.

சுரைக்காய் வந்த கதைக்கு வருகிறேன். மாமி பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, சுரைக்காய் உள்ளே வராது. அவர்கள் ஆசாரத்தில் அது விலக்கு. சமைத்ததில்லை, நறுக்கியதில்லை, சாப்பிட்டதில்லை. எங்கள் மாதிரி வீடுகளில் சுரைக்காய் நறுக்கினால் முதலில் ஒரு கீற்றை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்போம். கசந்தால் காயை அப்படியே குப்பையில் போட்டுவிடுவோம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. இலையில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி, கை தானாகச் செய்கிற காரியம் அது. சுரைக்காயே பார்க்காத வீட்டில் அந்தப் பழக்கத்துக்கு வேலை என்ன?

செல்போனில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் மாமி தொடங்கினார். சுரைக்காய்ச் சாறு சர்க்கரைக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று அதில் சொன்னார்களாம். ஒரு வாரம் யோசித்தார். பிறகு, "மருந்துன்னு வந்துட்டா தோஷம் கெடையாது" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். கடையில் வாங்கி இரண்டு மூன்று தடவை போட்டுக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. பாகற்காய்க்கு இது தேவலை என்று இவர்கூடச் சொன்னார்.

எங்கள் மொட்டை மாடியில் மாமி தொட்டிகளில் கீரை போட்டிருந்தார். அந்த மூலையில் யாரும் விதைக்காமல் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் படர்ந்து காய்த்திருந்தது. அன்று காலை மாமி அந்தக் காயைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து எனக்குக் காட்டினார்.

"பாத்தியாம்மா! ஒரு பூச்சி மருந்து கெடையாது, ஒரு உரம் கெடையாது. பெருமாளாப் பாத்து நம்ம தலைக்கு மேலயே குடுத்திருக்கார். இதுக்கு மேல சுத்தமா எங்கே கெடைக்கும்?"

எதை எடுத்தாலும் நூறு சந்தேகம் கேட்கிற மாமி, அன்று சிரித்துக்கொண்டே படியேறினார். நான் பழகிய நாளில் மாமி பயப்படாமல் எனக்குக் காட்டிய ஒரே சாப்பாட்டுப் பொருள் அந்தக் காய்தான்.

சற்று நேரத்தில் டம்ளரோடு வந்தார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இவர் வாங்கினார், குடித்தார், டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். முகத்தில் ஒன்றுமில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார். "சமத்து" என்று சொல்லிவிட்டு மாமி மேலே போனார். அவருடைய பங்கை எப்போதும் எல்லோருக்கும் பிறகு, பாசுரம் சொல்லி முடித்துவிட்டுத்தான் குடிப்பார்.

இவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாத்ரூமுக்கு ஓடினார். வாந்தி, வயிற்றுப்போக்கு, மறுபடியும் வாந்தி. மூன்றாம் தடவை வந்தது சிவப்பாக இருந்தது. நான் கத்திய கத்தலில் மாமி பாசுரப் புத்தகமும் கையுமாக இறங்கி ஓடி வந்தார்.

ஆட்டோவில் இவர் நடுவில், நானும் மாமியும் ஆளுக்கொரு பக்கம். காவேரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. இவர் உடம்பு ஐஸாகச் சில்லிட்டு, வியர்த்து ஊற்றியது. தலை என் தோளில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. "என்னங்க, என்னங்க" என்று கூப்பிடுகிறேன், முனகல்கூட வரவில்லை. கீழே தண்ணீர் போகிறது, முன்னால் ஒரு டவுன் பஸ் குறுக்கே நிற்கிறது. இந்தப் பாலத்திலேயே இவர் போய்விடுவார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் மாமி இவர் உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து ஆட்டோவிலிருந்து வெளியே தள்ளிவிடலாமா என்றுகூட எனக்கு இருந்தது. அவ்வளவு ஆத்திரம்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் ஓடி வந்தார். இரண்டு கையிலும் ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார்கள். "பிரஷரே இல்லை" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

"என்ன சாப்பிட்டாரு?"

"சுரைக்காய் ஜூஸ்" என்றேன்.

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். "கசந்துதா?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தார்.

"கசப்புச் சுரைக்காய்னா அது விஷம்மா. அதுதானா, இல்ல ஹார்ட்ல எதாவதா, எனக்குத் தெரிஞ்சாகணும். சுகர் பேஷண்ட் வேற. யாராவது வாயில வச்சுப் பாத்தீங்களா?" இவர் கன்னத்தைத் தட்டினார். "சார், சார்! ஜூஸ் கசந்துதா?"

இவர் கண்ணைப் பாதி திறந்தார். எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். "எப்பவும் போலத்தான்" என்றார்.

"எப்பவும் போலன்னா?"

"எப்பவும் கசக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, திரும்பிப் பார்த்தால் மாமியைக் காணோம். ஓடிவிட்டார், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். நல்லதாய்ப் போயிற்று, இனி அந்த முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்றும் நினைத்தேன்.

மாமி திரும்பி வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே நேரே டாக்டரம்மாவிடம் போனார்.

"கசக்கறது டாக்டர். வேப்பங்கொழுந்தெல்லாம் இதுக்கிட்ட ஒண்ணுமே இல்லை. அதுதான். அந்தச் சாறுதான். நீங்கோ அதுக்கு வைத்தியம் பாருங்கோ."

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க குடிச்சீங்களா? எவ்வளவு குடிச்சீங்க?"

மாமி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாட்டிம்மா, எவ்வளவு?"

"வீட்டுக்குப் போய் ஒரு சொட்டு நாக்குல வெச்சிண்டேன். தெரிஞ்சுடுத்து." மாமி சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்பறம்... சொம்புல பாதிக்கு மேல மிச்சம் இருந்தது. பெருமாளுக்குக் காட்டினதாச்சே. கால் படற எடத்துல எப்படிக் கொட்டறது?"

"அதனால?"

"குடிச்சுட்டேன்."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். விஷம் என்று காதில் கேட்டுக்கொண்டு போனவர்தானே? பெருமாளுக்குக் காட்டியதைக் கொட்டக்கூடாது என்றா குடித்தார், இல்லை, எனக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்றா குடித்தார்? எனக்கு இன்றுவரை தெரியாது. யோசிக்க ஆரம்பித்தால் பயமாக இருக்கிறது, விட்டுவிடுகிறேன். அங்கேயே, அந்த வராந்தாவிலேயே, மாமி வாந்தியெடுக்கத் தொடங்கினார்.

இவர் தேறினார். மறுநாளே பிரஷர் ஏறி, பேச்சு வந்தது. மாமிக்கு ஏறவில்லை. வெறும் வயிறு, அந்த வயது, அந்த உடம்பு. பெண்கள் வார்டில் கிடத்தியிருந்தார்கள். அன்று மத்தியானம் பெங்களூரிலிருந்து மகள் வந்து கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் எட்டிப் பார்க்கிறபோதெல்லாம் மாமி ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவருக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காரு மாமி. கஞ்சி குடிச்சாரு."

"மறைக்கறே. என்கிட்ட மறைக்கறே. போயிட்டாரா?"

என்ன சொன்னாலும் நம்பவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு, வார்டு வாசலையே பார்த்துப் பார்த்துப் பதறினார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் நர்ஸிடம் கெஞ்சி, சாயங்காலம் இவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, பாட்டிலை நானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன்.

மாமி இவர் கையைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

"அவ்வளவு கசந்துதே. ஏன் சொல்லலை நீங்கோ?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்கிட்டதான் சொல்லலை. டாக்டர் கேட்டப்போவாவது சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"நீங்க பக்கத்துல நின்னீங்க மாமி" என்றார் இவர். "பயமா இருந்துச்சு."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் ஏதாவது மறுத்துச் சொல்வேனா என்று. நான் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தேன்.

"என்னைப் பாத்தா? பயமா?" என்றார். "நான்னா ஒங்களையெல்லாம் பாத்து நாளெல்லாம் பயந்து செத்துண்டிருந்தேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இவர் கையை மட்டும் விடவில்லை. நர்ஸ் வந்து, "போதும், அவங்க தூங்கட்டும்" என்று விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் மாமி போய்விட்டார். மகள்தான் எங்கள் வார்டுக்கு வந்து சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இவர் அழவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் மெதுவாகத்தான் கேட்டார்.

"டாக்டரம்மா கேட்டப்பயாவது நான் சொல்லியிருந்தா அவங்க வீட்டுக்கே போயிருக்க மாட்டாங்க, இல்ல?"

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"ஒரு வாய் குடிச்சதுமே கசக்குதுன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? திட்டியிருப்பாங்க" என்றார். "அவ்வளவுதானே? திட்டியிருப்பாங்க."